தெட்ஃபோர்டு: அந்த ஊர்க் கணக்கு வேறு

"இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் இருக்கும் தெட்ஃபோர்டு, நூற்றாண்டுகளாக அதே சில குடும்பங்கள் வாழ்ந்த சின்னச் சந்தை ஊர், வெளியாட்கள் வந்ததெல்லாம் இந்த இருபது வருடங்களில்தான்" என்று சிலர் எழுதுகிறார்கள். இது சரியில்லை.

1950களின் தொடக்கத்தில் அங்கே 5,000 பேர்கூட இல்லை. இன்று 20,000-ஐத் தாண்டிவிட்டது. ஊரைப் பெருக்கியதில் பெரும்பங்கு லண்டன்காரர்களுடையது. லண்டனின் வீட்டு நெருக்கடியைக் குறைக்க, 1950களின் கடைசியில் நகராட்சிகள் ஒப்பந்தம் போட்டு, புதுக் குடியிருப்புகளும் தொழிற்சாலைகளும் கட்டி, குடும்பம் குடும்பமாக அங்கே குடியேற்றின. போர்ச்சுகீசியர்கள் போன்ற வெளிநாட்டவர்கள் பெருமளவில் வந்தது அதற்கு எத்தனையோ வருடம் கழித்து.

அதற்கும் முன்னால் பாருங்கள். பஹாமாஸில் பிறந்த கறுப்பின மருத்துவர் ஆலன் மின்ஸ், 1904-இல் அந்த ஊரின் மேயர் ஆனார். பிரிட்டனின் முதல் கறுப்பின மேயர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங் வாழ்ந்த எல்வெடன் மாளிகை பக்கத்திலேயே இருக்கிறது. குதிரைமேல் அமர்ந்த அவருடைய சிலையை 1999-இல் தெட்ஃபோர்டு ஆற்றங்கரையில் நிறுவினார்கள். அமெரிக்கப் புரட்சிக்கு ஆதரவாக எழுதிய, நான் மிகவும் மதிக்கும் தாமஸ் பெயின் பிறந்ததும் (1737) இதே ஊரில்தான்.

அப்புறம், "எப்போதுமே சின்ன ஊர்" என்பதும் தவறு. பதினோராம் நூற்றாண்டில் அது இங்கிலாந்தின் பெரிய நகரங்களில் ஒன்று. நார்விச் நகருக்கு மாறும் முன், நார்ஃபோக் அடங்கிய கிழக்கு ஆங்கிலியா பகுதியின் பிஷப் பீடம் (பிஷப்பின் தலைமையிடம்) சில காலம் அங்கேதான் இருந்தது.