மரண கானா கேட்ட காதுக்கு ‘ஸ்டேஜ் ஃபோர்’ புரியும்

கத்திப் பாடும் ராக் வகையான போஸ்ட்-ஹார்ட்கோரைக் "காட்டுக் கத்தல்" என்று ஒதுக்குகிறவர் காசிமேடு, ராயபுரம், வியாசர்பாடிப் பக்கத்து ஆள் என்றால் எனக்கு ஆச்சரியம்தான். சாவு வீட்டில் விடிய விடிய கானா கேட்ட காது அது. டோலக்குக்கு மேலே ஏறிப் பாடிப் பாடித் தொண்டை கம்மிப் போகும், சுருதி பிசகும். யாரும் குறை சொல்வதில்லை. போனவரின் பெயர், அவர் மிதித்த மீன்பாடி வண்டி, வழக்கமாக உட்காரும் டீக்கடை என்று ஒவ்வொன்றாகப் பாட்டில் வரும்போதுதான் அழுகை வெடிக்கும். வெறும் சத்தத்துக்கு யாரும் அழுவதில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸ் குழுவான டூஷே அமோரேயின் ‘ஸ்டேஜ் ஃபோர்’ ஆல்பத்தின் பலமும் அங்கேதான் இருக்கிறது. 2016 செப்டம்பரில் வந்தது. 11 பாட்டு, மொத்தம் 35 நிமிடம் சொச்சம். குழுவுக்கு இது நாலாவது ஆல்பம். பாடகர் ஜெரமி போல்மின் அம்மாவுக்கு வந்தது நாலாம் நிலைப் புற்றுநோய். ஆங்கிலத்தில் நிலைக்கும் மேடைக்கும் ஒரே சொல். 2014 ஹாலோவீன் (அக்டோபர் 31) இரவில் அந்த அம்மா இறந்தபோது மகன் ஃப்ளோரிடாவில் மேடையில் பாடிக்கொண்டிருந்தார். இறங்கியதும் வந்த போனைப் பற்றியது ‘எய்ட் செகண்ட்ஸ்’. இரண்டாவது பாட்டான ‘நியூ ஹாலோவீன்’-இல், அம்மா போனில் கடைசியாகப் பதிந்து வைத்த பேச்சைக் கேட்க இன்னும் தைரியம் வரவில்லை என்கிறார். உவமை, தத்துவம் என்று சுற்றி வளைக்காமல் நடந்ததை நடந்தபடி சொல்கிறார். கானாவில் ஊரே கூடி அழும். இதில் பக்கத்தில் இல்லாமல் போன மகன் தன்னையே திட்டிக்கொள்கிறான். அந்தக் குற்ற உணர்ச்சி கானாவில் அவ்வளவாக வராது.

இந்த ஆல்பத்தைப் பார்த்து பேண்டு தொடங்கும் பையன்கள் முதலில் தப்பு செய்வது குரலில். போல்ம் உறுமுவதில்லை, வார்த்தை காதில் விழும்படி கத்துகிறார். உறுமினால் விவரம் போய்விடும், விவரம் போனால் பாட்டில் என்ன மிச்சம்? மூச்சை அடிவயிற்றில் தாங்கி, தொண்டையை இறுக்காமல் கத்த வேண்டும். கரகரப்பு குரல் நாண்களுக்கு மேலே இருக்கும் பொய் நாண்களிலிருந்து வரவேண்டும். தொண்டை அரித்து இருமல் வந்தால் முறை தப்பு, வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 10, 15 நிமிடம் போதும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது ஸ்டைல் இல்லை. முன்பக்கத்து ஒலியை மட்டும் வாங்கவேண்டிய மைக் நாலாபக்கமும் வாங்க ஆரம்பித்து, ஸ்பீக்கர் ‘கீய்ங்’ என்று கூவும்.

கிதாரில் அடுத்த தப்பு: மெட்டல் அளவுக்கு டிஸ்டார்ஷன், அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவை, ஏற்றுவது. டிஸ்டார்ஷன் கூடக் கூட, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று மோதிப் புதிய ஸ்வரங்களைக் கிளப்பும். முழு கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து) அடித்தால் கூழாகிவிடும். டிஸ்டார்ஷனைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழைப் பாதிக்குக் கீழே வைத்து, ஆக்டேவ் (ஒரே ஸ்வரம், கீழும் மேலும்) பிடித்துப் பாருங்கள்: 5ஆம் கம்பியில் 3வது ஃப்ரெட், 3ஆம் கம்பியில் 5வது ஃப்ரெட். நடுவில் இருக்கும் 4ஆம் கம்பியை ஆள்காட்டி விரல் தொட்டு ஊமையாக்கவேண்டும். அது ஒலித்தால் அழுகைக்குப் பதில் தகரச் சத்தம்தான். (கடலோரத்து உப்புக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைக்காதவன் மாதாமாதம் செட்டு வாங்கவேண்டியதுதான்.)

பேண்டு பயிற்சி செய்யும் சின்ன ஜாம் ரூமில் டிரம்ஸ் 100 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். அந்த அளவில் காதுக்குப் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம்தான், பஞ்சு வைத்தால் போதாது, இயர்பிளக் வாங்குங்கள். டிரம்ஸோடு போட்டி போட்டு கிதார் ஆம்பின் (ஒலிபெருக்கியின்) சத்தத்தைக் கூட்டினால் குரல் முங்கும். டிரம்மரை அடக்கி வாசிக்கச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

கேட்கிறவர்களுக்கு: பாஸ் பூஸ்ட்டை அணையுங்கள். கிதாரும் குரலும் நடு அலைவரிசையில்தான் இருக்கின்றன. பாஸ் ஏறினால் இரண்டும் புதைந்துவிடும். எண்ணூர் மின்சார ரயிலிலும் வேண்டாம். தண்டவாளச் சத்தத்தோடு போட்டி போட வால்யூமைக் கூட்டுவீர்கள், காதுதான் கெடும்; மெதுவான இடங்கள் அப்போதும் கேட்காது. ராத்திரி, வீட்டில், வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நடுவில் ஒன்றிரண்டு பாட்டு ஒரே வேகத்தில் ஓடிக் கொஞ்சம் சலிக்கும், தாண்டிப் போகாதீர்கள்.

கடைசிப் பாட்டான ‘ஸ்கைஸ்க்ரேப்பர்’ அமெரிக்கப் பாடகி ஜூலியன் பேக்கரும் சேர்ந்து பாடியது. பலரும் அதை மட்டும் தனியாக எடுத்துப் போடுகிறார்கள். அது முடிகிற இடத்தில் ஒரு பெண் குரல் சாதாரணமாகப் பேசும். இரண்டாவது பாட்டில் போல்ம் கேட்கப் பயந்த அம்மாவின் பேச்சு அதுதான். இரண்டாவதைக் கேட்காமல் வந்தால், யாரோ ஒரு அம்மா போனில் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.