திறமூலம் என்றால் முழுவதும் திறந்ததாகாது

"2022இல் என்விடியா டிரைவரை (கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) திறமூலமாக்கிவிட்டது, இனி எந்த என்விடியா லேப்டாப்பும் லினக்ஸில் தானாக ஓடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது.

அந்த மே மாதம் என்விடியா வெளியிட்டது லினக்ஸின் மையமான கெர்னலோடு பேசும் பகுதியை மட்டுமே. அதன் ஓப்பன்ஜிஎல், வல்கன் (திரையில் படம் வரைபவை), கூடா (CUDA, சிப்பில் கணக்கீடு செய்ய உதவுவது) எல்லாம் இன்னும் மூடிய நிரல்தான். வெளியிட்ட பகுதியும் 2018இல் வந்த டூரிங் சிப்புகளுக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும்தான் பொருந்தும். பழைய லேப்டாப் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஜிடிஎக்ஸ் 1050 அதில் சேராது.

முக்கியமானது இது: அந்தப் பகுதி லினக்ஸ் கெர்னலுக்குள் சேர்க்கப்படவில்லை. தனியாகத்தான் நிறுவ வேண்டும். கெர்னல் மாறும்போது அதற்கேற்ற பதிப்பும் வேண்டும். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரலை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) இயங்கினால் கையொப்பமில்லாத மாட்யூல், அதாவது இந்தப் பகுதி, ஏறாது. பல கேமிங் லேப்டாப்புகளில் எச்டிஎம்ஐ துளை என்விடியாவின் தனி சிப்போடு இணைந்திருக்கும். மாட்யூல் ஏறாத நாளில் மடிக்கணினித் திரை ஒளிரும், புரொஜெக்டர் இருண்டு கிடக்கும்.

ஏஎம்டி, இன்டெல் டிரைவர்கள் கெர்னலிலேயே இருக்கின்றன. அவற்றோடு சேர்ந்து படம் வரையும் திறமூல நிரலான மேசா பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில் வருகிறது. ஆனால் சிப் புத்தம்புதிது என்றால் கெர்னலும் புதிதாக இருக்க வேண்டும். கூடா கட்டாயம் வேண்டுமென்றால் என்விடியா வாங்குங்கள். மற்றவர்களுக்குச் செயலிக்குள்ளேயே இருக்கும் ஒருங்கிணைந்த கிராபிக்ஸே தாராளம்.