மூட்டைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர் மனசையும் கேட்கட்டும்

"ரிப்போர்ட் எல்லாம் நார்மலா வந்திருக்கே, அப்புறம் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கே?"

முடக்கு வாதத்தோடு வாழ்கிற பலரும் வீட்டில் கேட்டுப் பழகிய கேள்வி இது. என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈஎஸ்ஆர் இறங்கியிருக்கும், சிஆர்பி இறங்கியிருக்கும். எழுந்து ஒரு வேலையைத் தொட மட்டும் மனசு வராது.

இதற்கு மனபலக் குறைவு என்று பெயர் வைப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குகிற நோய் இது. அப்போது பெருகும் டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் மூட்டோடு நின்றுவிடுவதில்லை, மூளையின் வேலையையும் பாதிக்கின்றன. காய்ச்சலில் யாரோடும் பேசப் பிடிக்காமல் சுருண்டு கிடப்போமே, அந்த மாதிரி. வலி ஒரு பக்கம் தூக்கத்தைக் கெடுக்கும், ஸ்டீராய்டு இன்னொரு பக்கம் கெடுக்கும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வந்த கட்டுரை ஒன்று, இந்த நோயாளிகளில் சுமார் 17 சதவீதம் பேருக்குத் தீவிர மனச்சோர்வு இருப்பதாகக் கணக்கிட்டது.

விரல் மடங்காத காலை நேரத்தில் ஒரு சட்டைப் பட்டன் போடுவதை நினைத்துப் பாருங்கள். பாதி துளைக்குள் போய் நழுவும். மறுபடி பிடித்தால் மறுபடி நழுவும். பக்கத்தில் நிற்பவர் பொறுக்க முடியாமல் தானே போட்டுவிடுவார். அன்பில்தான் செய்கிறார், தெரியும். ஆனாலும் தொண்டை அடைக்கும். அப்புறம் எங்கே கூப்பிட்டாலும் "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லப் பழகிவிடுகிறோம். நேற்று நடந்தவள் இன்று படுத்திருந்தால் நடிப்பு என்று நினைப்பவர்களும் உண்டு. அது வலியைவிடக் கொடுமை.

மூட்டு டாக்டர்கள் வழக்கமாக 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து நோயின் தீவிரத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். "மொத்தத்தில் எப்படி இருக்கிறீர்கள்" என்று நோயாளி தானே சொல்லும் அளவும் அதில் சேரும். மனசு சோர்ந்திருந்தால் அந்த அளவு ஏறும், மொத்த மதிப்பெண்ணும் கூடவே ஏறும். மூட்டில் வீக்கமே இல்லாதவருக்கு வீரியமான மருந்து எழுதப்படலாம். மனச்சோர்வு இருப்பவர் வாரம் ஒரு முறை போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட் என்ற முடக்கு வாத மருந்தைத் தவறவிடவும் வாய்ப்பு அதிகம். ஆக, மனசைக் கேட்பது மூட்டு டாக்டரின் வேலைக்கு வெளியே இல்லை.

கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. கடந்த 2 வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? ஒரு நிமிடம் போதும். ஆமாம் என்றால் மேற்கொண்டு விசாரித்து, தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்பட்டும். பேச்சு சிகிச்சைக்கும் மாத்திரைக்கும் பலன் உண்டு.

டாக்டர் கேட்கவில்லையா? சரி, நீங்களே சொல்லிவிடுங்கள். அறைக்குள் போனதும் முதலில் அதைச் சொல்லுங்கள், கடைசிக்கு வைத்தால் நேரம் இருக்காது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கவே கூடாது. அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.