விரலை எண்ணத்தான் வேண்டும்

நேற்று இணையத்தில் ஒரு குரங்குப் படம் வந்தது. அதையும் அதன் கீழே எனக்கு வந்த பதிலையும் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் காட்டில் எடுத்த படம் என்று எழுதிவிட்டு, அதே வரியில் சிலந்திக் குரங்கு என்றும் போட்டிருந்தார்கள். முரிக்கி என்பது பிரேசிலில் வாழும் வேறொரு குரங்கு; அதில் வடக்கு, தெற்கு என இரண்டு இனங்கள் உண்டு. படத்தில் இருப்பது வடக்கு முரிக்கி என்று பணிவாகத்தான் சொன்னேன். "எல்லாம் குரங்குதானே, உட்கார்ந்து விரலையா எண்ணுவீர்கள்?" என்று கேட்டார்கள். அதற்கு எத்தனை சிரிப்புக் குறிகள்!

ஆம், விரலைத்தான் எண்ண வேண்டும். சிலந்திக் குரங்கின் பேரினத்துக்கு 1806இல் வைத்த ஏட்டெலிஸ் என்ற பெயருக்கு 'முழுமை பெறாதது' என்பது பொருள். வெளியே தெரியும் கட்டைவிரல் இல்லாத அதன் கையைக் குறித்தே அந்தப் பெயர் வந்தது. வடக்கு முரிக்கியின் கையிலோ கட்டைவிரலின் மிச்சம் சிறு முண்டாக நிற்கிறது. தெற்கு முரிக்கிக்கு அதுவும் இல்லை. தெற்கத்தியதன் முகம் கடைசிவரை கருப்பு. வடக்கத்தியது கருமுகத்தோடு பிறந்தாலும், வயது ஏற ஏற நிறம் வெளிறி இளஞ்சிவப்புத் திட்டுகள் படர்கின்றன. நேற்றைய படத்தில் அந்தத் திட்டுகள் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தன.

நீண்ட கைகால்களும் பற்றும் வாலும் வால்நுனியின் அடியில் உள்ளங்கை போன்ற மயிரற்ற தோலும் இரண்டுக்கும் பொதுதானே என்றார் ஒருவர். பொதுதான், கம்பளிக் குரங்குக்கும் அலறும் குரங்குக்கும்கூட அப்படிப்பட்ட வால் உண்டு. மரபணு ஆய்வுகளில் முரிக்கி, கட்டைவிரல் உள்ள கம்பளிக் குரங்குக்கே நெருக்கமாக வருவதால் விரல் பேச்சே வீண் என்றார் இன்னொருவர். உறவைக் கணிக்க விரலை மட்டும் நம்பக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆய்வை ஏற்றால், முரிக்கியைச் சிலந்திக் குரங்கு என்பது இன்னும் பெரிய பிழையாகிறதே தவிர, சிறியதாகவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவர் இதழில் முரிக்கியைப் பற்றி எழுதினேன். அச்சில் வந்தது சிலந்திக் குரங்கின் படம். யாருக்குத் தெரியப் போகிறது என்றார்கள் இதழ்க்காரர்கள். அடுத்த மாதம் ஒரு சிறுமியின் அஞ்சலட்டை வந்தது: "இளஞ்சிவப்பு முகம் என்று எழுதியிருக்கிறீர்கள், படத்தில் அப்படி இல்லையே?" அந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. நேற்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் இருவர் பள்ளி ஆசிரியர்கள் என்பதால்தான் இவ்வளவு வலிக்கிறது.

இதனால் குரங்குக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். மிச்சமிருக்கும் வடக்கு முரிக்கிகள் ஏறத்தாழ ஆயிரம்தான். மினாஸ் ஜெராய்ஸின் கராட்டிங்கா காட்டில் 1980களின் தொடக்கத்திலிருந்து அவற்றை ஆராய்ந்துவரும் குரங்கியல் ஆய்வாளர் கேரன் ஸ்ட்ரையரின் குழு, முகத் திட்டுகளையும் பிற இயல்பான அடையாளங்களையும் கொண்டே ஒவ்வொன்றையும் தனித்தனியாக அறிந்து, தாய் யார், பிள்ளை யார் என்று பல தலைமுறைகளாகக் குறித்து வருகிறது. அந்தக் காட்டில் சிலந்திக் குரங்கு வாழ்வதே இல்லை. இன்று காலையிலும் பார்த்தேன், படத்தின் கீழே அதே பெயர்தான் இருக்கிறது.