சான்றிதழின் நகலை மட்டும் நம்பாதீர்கள்

வெளிநாட்டிலிருந்து மசாலா வாங்குவது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். ஏற்றுமதியாளர் அனுப்பும் சான்றிதழ்களைச் சரிபார்த்தாலே போதும் என்கிறது அது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிடிஎஃப் கோப்பில் பெயரை மாற்றுவது சில நிமிட வேலை. சான்றிதழைக் கொடுத்த அமைப்பிடமே கேளுங்கள். எஃப்எஸ்எஸ்சி 22000 என்ற உணவுப் பாதுகாப்புச் சான்று பெற்ற நிறுவனங்களின் பட்டியல் பொதுவிலேயே இருக்கிறது. அதில் பெயரோடு முகவரியும், எந்தப் பொருளுக்கான சான்று என்பதும் பொருந்த வேண்டும். முழு மிளகுக்கு வாங்கிய சான்று மிளகாய்த் தூளுக்குச் செல்லாது.

ஆய்வக அறிக்கையும் அப்படித்தான். அஃப்ளடாக்சின் (பூஞ்சை நச்சு), சால்மோனெல்லா (நோய்க்கிருமி), சூடான் சாயம் (கலப்படச் சிவப்புச் சாயம்), எத்திலீன் ஆக்சைடு (கிருமி நீக்க வாயு) எல்லாம் சோதித்ததாக இருக்கும். ஆனால் அறிக்கையில் உள்ள தொகுதி எண் (பேட்ச் நம்பர்) உங்களுக்கு வரும் மூட்டையில் இருக்கிறதா? ஆய்வகத்தின் தொலைபேசி எண்ணை நீங்களே தேடி எடுத்துப் பேசுங்கள், அறிக்கையில் அச்சிட்ட எண்ணில் வேண்டாம்.

அப்புறம் பணம். அந்தக் கட்டுரை சொல்லும் கடன் உறுதிக் கடிதம், அதாவது உரிய ஆவணங்களைக் கொடுத்தால் விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி தரும் உறுதி, நல்ல வழிதான். ஆனால் இந்தக் கடிதங்களுக்கான யூசிபி 600 என்ற சர்வதேச விதிகளின்படி வங்கி ஆவணங்களை மட்டுமே பார்க்கும், சரக்கைப் பார்க்காது. அதனால் ஏற்றுவதற்கு முன், நீங்கள் தேர்ந்தெடுத்த ஆய்வு நிறுவனம் தரும் சான்றையும் அந்த ஆவணங்களில் ஒன்றாகக் கட்டாயமாக்குங்கள். இதற்குத் தயங்குகிறவரிடம் நான் வாங்க மாட்டேன். கடைசி நேரத்தில் “வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று மின்னஞ்சல் வந்தால், தயவுசெய்து பழைய எண்ணுக்கு ஒரு முறை போன் செய்து கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.