டப்பாவில் 'நானோ' என்று போட்டிருக்கிறது, மச்சான் கேட்கிறார்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் விசைப்படகுகள் கரையேறிக் கிடக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுக்கு வைத்தியம் நடப்பது இந்த இரண்டு மாதத்தில்தான். அடிப்பகுதியில் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிரான கொட்டலசைச் சுரண்டுவார்கள், விரிசலை அடைப்பார்கள், பெயிண்ட் அடிப்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சான் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"மாப்பிள்ளை, நீங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார்தானே? இதில் நானோ என்று போட்டிருக்கிறது. அடித்தால் இரண்டு வருஷத்துக்குக் கொட்டலசு அண்டாது என்கிறான் கடைக்காரன். நண்டுக்கு ஒன்றும் ஆகாதே?"

டப்பாவை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். 'நானோ' என்ற சொல் மூன்று இடத்தில், தங்க நிறத்தில் இருந்தது. உள்ளே இருப்பது தாமிரமா, துத்தநாகமா, வெள்ளியா என்று ஓர் எழுத்துக்கூட இல்லை. துகளின் அளவும் இல்லை. இருபது வருடம் வேதியியல் நடத்தியவன், "தெரியவில்லை மச்சான்" என்றேன். அக்காள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நானோ என்றால் ஏன் தனியாகக் கவலைப்பட வேண்டும்? சாயல்குடிக் கருப்பட்டியை முழுதாகப் போட்டால் கரையக் காத்திருக்க வேண்டும், தட்டிப் போட்டால் உடனே கரைகிறது. அதே சங்கதிதான், அளவு மட்டும் வேறு. ஒரு சென்டிமீட்டர் கனசதுரக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) கனசதுரங்களாக நறுக்க முடிந்தால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை ஏக்கர். எடை ஒரு குந்துமணிகூட மாறவில்லை. ஆனால் வேதிவினை நடப்பது மேற்பரப்பில். நஞ்சின் அளவை மில்லிகிராமில் சொல்லிப் பழகிய நமக்கு இங்கே தராசு பொய் சொல்லத் தொடங்குகிறது.

இதை எலிகளின் நுரையீரலில் காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த குந்தர் ஓபர்டோர்ஸ்டர். 1990-களில் டைட்டானியம் டையாக்சைடு தூசியை இரண்டு அளவுகளில் சோதித்தார்கள். ஒன்று 250 நானோமீட்டர், இன்னொன்று 20 நானோமீட்டர். எடைக்கு எடை பார்த்தால் பொடித்தூசிதான் அதிக அழற்சியை உண்டாக்கியது. அதுவரை சாதுவான வெள்ளைப் பொடி என்று பெயர் வாங்கியிருந்த பொருள் அது.

அவருடைய மகள் ஏவா ஓபர்டோர்ஸ்டர், சுற்றுச்சூழல் நச்சியல் ஆய்வாளர். 2004-இல் அவர் வெளியிட்ட ஆய்வு உலகச் செய்தியானது. கால்பந்து வடிவக் கார்பன் மூலக்கூறான ஃபுல்லரீன் கலந்த நீரில் நன்னீர் மீன்களை 48 மணி நேரம் விட்டார். அவற்றின் மூளைக் கொழுப்பில் ஆக்சிஜனேற்றச் சேதம் தெரிந்தது. "நானோ மீன் மூளையைத் தின்கிறது" என்ற தொனியில் ஆளாளுக்கு எழுதினார்கள். பிறகு கதை திரும்பியது. ஃபுல்லரீனை நீரில் கலக்க டெட்ராஹைட்ரோபியூரான் என்ற கரைப்பானைப் பயன்படுத்தியிருந்தார்கள். 2007-இல் வேறொரு குழு வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் சோதித்துப் பார்த்தது. அந்தக் குஞ்சுகளைப் பாதித்தது ஃபுல்லரீன் அல்ல, கரைப்பான் சிதைந்து உண்டான பொருட்களே என்று தெரிந்தது.

இந்தக் கதையில் பாதியை மட்டும் சொல்லிப் பிழைப்பவர்கள் இரண்டு கட்சியிலும் இருக்கிறார்கள். பயமுறுத்துகிறவர்கள் 2004-ஓடு நிறுத்திக்கொள்வார்கள். விற்கிறவர்கள் 2007-இல் தொடங்குவார்கள். எனக்கு ஏவாவின் மேல் மரியாதை குறையவில்லை. அவர் மீனைத் தொட்டியில் விட்டதால்தான் மற்றவர்கள் கரைப்பானைச் சந்தேகிக்கவே தொடங்கினார்கள்.

என் மனக்குறை வேறு. ஆய்வகங்களில் வழக்கமாகப் பலி கொடுக்கப்படும் உயிர்கள் இரண்டு: டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு, வரிக்குதிரை மீன். இரண்டும் நன்னீர் உயிர்கள். வரிக்குதிரை மீன் நம் நாட்டு ஓடைகளில் பிறந்ததுதான், நமக்கு உறவு என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை எங்கள் தென்கடலில் (மன்னார் வளைகுடா) இறக்கினால் நானோ துகளுக்கு வேலையே இல்லை, உப்பே கொன்றுவிடும். நன்னீரில் கிடைத்த பாதுகாப்பு அளவைக் கொண்டுவந்து நம் கடலுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஏனென்றால் உப்புநீரில் துகள்களின் போக்கே வேறு. நன்னீரில் அவை ஒரே வகை மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். கடல்நீரில் உள்ள அயனிகள் அந்தத் தள்ளுவிசையை அடக்கிவிடும். துகள்கள் கூடிக் கட்டியாகி அடியில் படியும்.

படிந்துவிட்டால் தொல்லை விட்டது என்று நினைப்பவர், நம் கடலின் அடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நீலக்கால் நண்டு. சங்கு. சேற்றையே தின்று அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளும் கடல் அட்டை (2001 முதல் பிடிக்கத் தடை, அந்தப் பஞ்சாயத்து தனி). கடற்புல்லை வேரோடு கெல்லித் தின்னும் ஆவுளியா என்னும் கடற்பசு. வடகடலின் (பாக் விரிகுடா) சராசரி ஆழமே 9 மீட்டர் அளவுதான். அதில் இழுவை மடி வலை ஒரு தடவை போனால் அடிச்சேறு முழுக்க எழுந்து நிற்கும். படிந்தது படிந்தபடியே கிடக்க இது ஆழ்கடலும் இல்லை, ஆய்வகக் கண்ணாடிக் குவளையும் இல்லை. பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு இந்த அடியைத்தான் நாள் முழுக்கத் தடவுகிறார்கள்.

படகுப் பெயிண்ட் என்றதும் எனக்கு இன்னொரு நினைவும் வருகிறது. டிரைபியூட்டைல்டின் என்ற தகரச் சேர்மம். கொட்டலசை அதைப்போல விரட்டியது வேறில்லை என்று உலகமே பூசியது. பிரான்சில் ஆர்க்காஷோன் விரிகுடாவின் சிப்பி வளர்ப்பு 1970-களின் பிற்பகுதியில் நொடித்தது. சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை, பிழைத்தவற்றின் ஓடு கோணிப் பெருத்தது. பெண் கடல்நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. அதற்கு லிட்டருக்குச் சில நானோகிராமே போதுமாக இருந்தது. பிரான்ஸ் 1982-இல் சிறு படகுகளில் அதைத் தடுத்தது. உலக ஒப்பந்தம் 2001-இல் கையெழுத்தாகி, 2008-இல்தான் நடைமுறைக்கு வந்தது. சங்கும் ஒரு கடல்நத்தைதான் என்பதைச் சங்கு குளிக்கும் கீழக்கரைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதற்காக எல்லா நானோவும் நஞ்சு என்று நான் சொல்லவில்லை. 2007-இல் ஆஸ்திரேலியாவில் துத்தநாக ஆக்சைடை நானோ பொடியாகவும் சாதாரணப் பொடியாகவும் நன்னீர்ப் பாசியில் சோதித்தார்கள். கூடவே துத்தநாக உப்பையும் வைத்துப் பார்த்தார்கள். மூன்றின் நஞ்சும் ஏறத்தாழ ஒன்றே. கரைந்து வரும் துத்தநாக அயனிதான் வேலையைச் செய்தது, பொடியின் பருமன் அல்ல. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நானோ தாமிர ஆக்சைடு ஏற்றிய கூண்டு வலைகளைச் சோதித்திருக்கிறது. வலையில் கொட்டலசு போன்ற உயிர்கள் படியாவிட்டால் மீன் வளர்ப்பவருக்கு உழைப்பு மிச்சம். அந்த வேலையை நான் குறை சொல்ல மாட்டேன். எந்த உலோகம், எவ்வளவு பொடி, எவ்வளவு கரைகிறது என்று தெரிந்தால் வாதாடலாம். தங்க எழுத்தோடு எப்படி வாதாடுவது?

ஐரோப்பாவில் முகத்தில் பூசும் கிரீமில் நானோ பொருள் இருந்தால் பட்டியலில் அந்தப் பொருளின் பெயருக்குப் பக்கத்திலேயே நானோ என்று அச்சிட வேண்டும். 2013 முதல் இதுதான் விதி. அங்கே அந்தச் சொல் வாங்குபவருக்கான தகவல், நம் டப்பாவில் அதுவே விளம்பரம். முகத்துக்குக் கிடைக்கும் மரியாதையில் கால்வாசி நம் நண்டுக்குக் கிடைத்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பூசுவதைவிடச் சுரண்டுவதுதான் எனக்குப் பயம். பழைய பெயிண்டைச் சுரண்டும் பையன்கள் முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டுவதில்லை. பொடி மணலில் உதிர்கிறது, இரவு நீர் ஏறும்போது அலை அள்ளிக்கொண்டு போகிறது. கீழே ஒரு தார்ப்பாய் விரிக்க எந்த விஞ்ஞானியும் வர வேண்டியதில்லை. மச்சானிடம் சொன்னேன். பாய்க்கு யார் காசு கொடுப்பது என்றார். நியாயமான கேள்வி, வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

மண்டபம் கடலாய்வுக்குப் புதிய ஊர் அல்ல. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் பல வருடம் மண்டபம் முகாமில்தான் இருந்தது. ஆகவே இதைப் படிக்கும் ஆய்வு மாணவர்கள் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். டாஃப்னியாவுக்கு ஓய்வு கொடுங்கள். வடகடல் சேற்றை எடுங்கள், வடகடல் தண்ணீரை எடுங்கள், நண்டையும் அட்டையையும் உரிய அனுமதியோடு அதில் விட்டுப் பாருங்கள். இரண்டு நாள் போதாது, ஒரு பருவம் முழுக்கப் பாருங்கள். வந்த முடிவைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி ஏலக் கூடத்தில் ஒட்டுங்கள்.

டப்பா இன்னும் திறக்கப்படாமல் அக்காள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. தடைக்காலம் முடியப் பதினோரு நாள்தான் மிச்சம், மச்சான் தினமும் போன் செய்து கேட்கிறார். சேறு எடுக்க வருகிறவர்களுக்குப் படகு ஏற்பாடு என் பொறுப்பு. டீசல் மச்சான் கணக்கில். அவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.