கால் வலியாம்!

அமெரிக்காவில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் பஸ்ஸில் எழ மறுத்த கதையை ஒரு மேடைப் பேச்சாளர் சொல்கிறாரே, அந்த வீடியோவில் என்னை இன்னும் எத்தனை பேர் டேக் செய்யப் போகிறீர்கள்? பார்த்தாயிற்று. இரண்டு தடவை பார்த்தாயிற்று. முதல் தடவை காது சரியாகக் கேட்கவில்லையோ என்ற சந்தேகத்தில்.

"ஒரு ஏழைத் தையல்காரப் பாட்டி. நாளெல்லாம் உழைச்ச களைப்பு. கால் வலி. வெள்ளைக்காரனுக்கு எழுந்து இடம் கொடுன்னாங்க, மாட்டேன்னா. அமெரிக்காவே மாறிடுச்சு!" பின்னாடி புல்லாங்குழல் வேறு. சரி, மேடைப் பேச்சு, போகட்டும் என்று விட்டிருப்பேன். அடுத்து ஒன்று சொன்னாரே: "அந்தம்மா சங்கம் வெச்சாங்களா? கூட்டம் போட்டாங்களா? நோட்டீஸ் அடிச்சாங்களா?"

ஆமாம் ஐயா. சங்கம் வைத்தார்கள். கூட்டம் போட்டார்கள். நோட்டீஸ் அடித்தார்கள். ராத்திரி முழுக்க அடித்தார்கள்.

முதலில் அந்தப் பாட்டி. எழ மறுத்துக் கைதான 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸுக்கு வயது 42. பேசியவருக்கு 42 தாண்டிப் பல காலம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். என்ஏஏசிபி என்கிற கறுப்பின உரிமைச் சங்கத்தின், அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரக் கிளைக்கு 1943-லேயே செயலாளரானவர். 1944-ல் ரேசி டெய்லர் என்ற பெண்ணை வெள்ளையர்கள் கூட்டு வன்புணர்வு செய்தபோது நேரில் போய் விசாரித்தவர். கைதுக்குச் சில மாதம் முன்னால்தான் டென்னசியில் ஹைலாண்டர் பள்ளியில் போராட்டப் பயிற்சி முகாமுக்குப் போய் வந்திருந்தார். கால் வலியெல்லாம் இல்லை, பணிந்து பணிந்துதான் அலுத்துப்போயிருந்தேன் என்று சுயசரிதையில் அவரே எழுதிவிட்டார். கதை சொல்கிறவர்கள் மட்டும் விடாமல் கால் அமுக்கிவிடுகிறார்கள்.

அந்த பஸ்ஸில் 36 சீட். முன்னால் 10 வெள்ளையருக்கு. பஸ் காலியாக ஓடினாலும், கறுப்பினத்தவர் நின்றுகொண்டே வந்தாலும், அந்தப் பத்தில் உட்காரக் கூடாது. பின்னால் 10 கறுப்பினத்தவருக்கு. நடுவில் இருந்த 16-ம் டிரைவர் வைத்ததுதான் சட்டம். முன்வாசலில் ஏறிக் காசு கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏறச் சொல்வார்கள். அதற்குள் வண்டியை எடுத்துவிடுவதும் உண்டு. 1943-ல் பார்க்ஸை இப்படி இறக்கிவிட்ட ஜேம்ஸ் பிளேக்தான் 1955-லும் அந்த வண்டியின் டிரைவர். அன்று பார்க்ஸ் உட்கார்ந்திருந்தது நடுப்பகுதியின் முதல் வரிசை. வெள்ளையரின் சீட்டில் உட்கார்ந்தார் என்பதும் கட்டுக்கதைதான். நின்றிருந்தது ஒரே ஒரு வெள்ளைக்காரர். அவருக்காக வரிசையில் இருந்த நான்கு பேரும் எழ வேண்டும், ஏனென்றால் ஒரே வரிசையில் இரண்டு நிறம் உட்காரக் கூடாது. மூன்று பேர் எழுந்தார்கள். வேறு சீட் காலி இல்லாவிட்டால் யாரையும் எழுப்பக் கூடாது என்று நகரச் சட்டத்திலேயே இருந்தது என்பது தனி வேடிக்கை. அபராதம் 10 டாலர், கோர்ட் செலவு 4 டாலர்.

இனி நோட்டீஸ். ஜோ ஆன் ராபின்சன், அலபாமா ஸ்டேட் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர், பெண்கள் அரசியல் கவுன்சில் என்ற கறுப்பினப் பெண்கள் அமைப்பின் தலைவர். இப்படியே போனால் பஸ்ஸைப் புறக்கணிப்போம் என்று 1954 மே 21 அன்றே மேயருக்குக் கடிதம் எழுதியவர். கைதுக்கு ஒன்றரை வருஷம் முன்னால்! பார்க்ஸ் கைதான இரவே கல்லூரிக்குப் போய், சக ஆசிரியர் ஒருவரையும் இரண்டு மாணவர்களையும் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறாதீர்கள் என்று ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் சுற்றினார். ஒரு தாளில் மூன்று நோட்டீஸ் வருகிற மாதிரி அடித்து வெட்டினார்கள். விடிவதற்குள் பல பத்தாயிரம். மறுநாள் பள்ளிக்கூடம், கடை, சலூன் என்று கட்டுக்கட்டாக இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்ப் பத்திரிகையும் முதல் பக்கத்தில் போட்டது. அதுவும் தானாக வந்த செய்தி இல்லை, இ.டி. நிக்சன் என்ற ரயில்வே தொழிற்சங்கக்காரர் நிருபரிடம் சொல்லி வரவைத்தது. திங்கட்கிழமை பஸ் காலி.

"அதனால என்ன? உணர்வுதானே முக்கியம்" என்று ஒருத்தர் கமெண்டில் வருவார், தெரியும். புறக்கணிப்பு நடந்தது 381 நாள். உணர்வை மட்டும் வைத்துக்கொண்டு அத்தனை நாள் பஸ் ஏறாமல் வேலைக்குப் போய்ப் பாருங்கள்.

முதலில் கறுப்பின டாக்சிக்காரர்கள் ஆளுக்கு 10 சென்ட், அதாவது பஸ் கட்டணத்துக்கே ஏற்றினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியைக் காட்டி நகர நிர்வாகம் அதை நிறுத்தியது. அடுத்து சொந்தக் கார்கள், கிட்டத்தட்ட 300. இதற்கு முன்மாதிரி 1953-ல் லூசியானா மாநிலத்து பேட்டன் ரூஜ் நகரில் நடந்த பஸ் புறக்கணிப்பு. ஏற்றிவிட ஓர் இடம், கூட்டிவர ஓர் இடம் என்று ஊர் முழுக்க நிறுத்தங்கள். சவாரிக்குக் காசு வாங்கினால் லைசென்ஸ் இல்லாத டாக்சி என்று பிடிப்பார்கள், அதனால் தேவாலயக் கூட்டங்களில் தட்டேந்தி வசூல். சர்ச் பெயரில் ஸ்டேஷன் வேகன் வாங்கினால் இன்சூரன்ஸை ரத்து செய்தார்கள். கடைசியில் லண்டன் லாயிட்ஸ் வரை போய்ப் பாலிசி எடுக்க வேண்டியிருந்தது. 25 மைல் வேகத்தில் போக வேண்டிய இடத்தில் 30-ல் போனார் என்று, புறக்கணிப்பை முன்நின்று நடத்திய மார்ட்டின் லூதர் கிங்கையே கைது செய்தார்கள். சில நாளில் அவர் வீட்டில் குண்டு.

பெட்ரோல் காசுக்கு ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்கார அம்மா பொரித்த கோழி சாண்ட்விச்சும் 'பை' என்கிற பலகாரமும் கேக்கும் செய்து விற்றார். கூட இருந்த பெண்கள் பலர் வெள்ளையர் வீட்டில் வேலை பார்க்கிறவர்கள், பெயர் தெரிந்தால் சோறு போய்விடும். வாராவாரம் பணத்தைக் கொண்டுவந்து கொடுப்பார். எங்கிருந்து வந்தது என்றால் "எங்கிருந்தும் இல்லை". அந்தக் குழுவின் பெயரே 'எங்கிருந்தும் இல்லாதோர் கிளப்'. இதையெல்லாம் ஏன் யாரும் மேடையில் சொல்வதில்லை? கணக்கு நோட்டுக்குப் புல்லாங்குழல் பொருந்தாது போலிருக்கிறது.

"ரோசா பார்க்ஸைக் குறைத்துப் பேசுகிறாயா?" இல்லை. இதற்குமேல் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. வேலையை இழந்து, 1957-ல் ஊரைவிட்டே டெட்ராய்ட்டுக்குப் போனவரை நான் ஏன் குறைக்கப் போகிறேன்? குறைத்தது அவரைக் கால் வலிக்காரி ஆக்கியவர்.

பஸ்ஸில் நிறப் பிரிவினையை முடித்த வழக்கில் பார்க்ஸ் மனுதாரரே இல்லை என்பதாவது வீடியோவில் பேசியவருக்குத் தெரியுமா? பார்க்ஸின் வழக்கு மாநில நீதிமன்றத்தில் மேல்முறையீட்டில் இருந்தது. அதைத் தொட்டால் இழுத்தடித்துவிடுவார்கள் என்று வழக்கறிஞர் ஃப்ரெட் கிரே, அவருக்கு அப்போது 25 வயது, 1956 பிப்ரவரி 1 அன்று வேறு ஐந்து பெண்களை வைத்து ஃபெடரல், அதாவது மத்திய அரசின் நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட்டார். ஒருவர் மிரட்டலுக்குப் பயந்து விலகிக்கொண்டார். மிச்சம் நான்கு பேர்: ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், க்ளாடெட் கால்வின். பஸ்ஸில் பிரிவினை செல்லாது என்று ஜூனில் தீர்ப்பு, மூன்று நீதிபதிகளில் 2-க்கு 1. நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே நாளில் மான்ட்கோமரி நீதிமன்றம் கார் ஏற்பாட்டுக்குத் தடை போட்டுக்கொண்டிருந்தது! உத்தரவு ஊர் வந்து சேர்ந்தது டிசம்பர் 20-ல். அதுவரை மறுபடி நடந்தார்கள்.

இந்த நால்வரில் ஒரு பெயரையாவது மேடையில் கேட்டதுண்டா? கால்வின் 1955 மார்ச் 2 அன்று, பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்னால், எழ மறுத்துக் கைதானபோது வயது 15. கைவிலங்கு போட்டு இழுத்துப் போனார்கள். மூன்று குற்றச்சாட்டு. மேல்முறையீட்டில் நீதிபதி சாமர்த்தியமாகப் பிரிவினைச் சட்ட மீறலை நீக்கிவிட்டு, போலீசைத் தாக்கினாள் என்பதை மட்டும் வைத்துக்கொண்டார். சட்டத்தை எதிர்க்கப் பிடிமானமே இல்லாமல் போயிற்று. அப்புறம் அந்தப் பெண் கல்யாணமாகாமல் கர்ப்பமானாள். ஊர்ப் பெரியவர்களுக்கும் அவளை முன்னால் நிறுத்த மனம் வரவில்லை. தந்திரமாகப் பார்த்தால் அவர்கள் செய்தது சரிதான் என்று வாதாடலாம். பல பேர் வாதாடுகிறார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் எனக்கு ஆறவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை, கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொன்ன பிள்ளை. அந்தப் பழைய குற்றப் பதிவு அழிக்கப்பட்டது 2021-ல், அவருக்கு 82 வயதில்.

தேவதைக் கதைக்கு ஒரு ஆள் போதும், ஆகவே மிச்சப் பேரைக் கழித்துவிடுகிறோம். கழித்துவிட்டு "சங்கம் வெச்சாங்களா" என்று கேட்கிறோம்.

"இதை அவரிடமே நேரில் சொல்லலாமே" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: அவர் வீடியோவின் கீழே நான்கு வரி எழுதினேன். இப்போது அது அங்கே இல்லை.

இன்னொன்று. அந்த ராத்திரி ராபின்சன் அடித்த நோட்டீஸில் "இன்னொரு பெண்ணைக் கைது செய்துவிட்டார்கள்" என்றுதான் இருக்கிறது, ரோசா பார்க்ஸின் பெயர் இல்லை. அதில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருப்பது க்ளாடெட் கால்வினை.